கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய காரை எப்போது மாற்றலாம் என்று வந்த கட்டுரையைப் படித்தேன். ஓடிய கிலோமீட்டர், இன்ஜின் குடிக்கிற ஆயில், வருடத்துக்கு ஆகும் ரிப்பேர் செலவு என்று கணக்கெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். செலவு காரின் மதிப்பில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடுங்கள் என்றும் சொன்னார்கள். சரி. ஆனால் அவ்வளவு பெரிய கட்டுரையில் துரு என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது. அதுவும் பெயின்ட் பற்றிய வரியில், ஏதோ முகத்தில் பரு வந்த மாதிரி.

மூன்று மாதத்துக்கு முன்னால் என் காரை உடைக்கிற இடத்துக்கு அனுப்பி வைத்தேன். அன்று காலையிலும் சாவியைத் திருப்பிய உடனே ஸ்டார்ட் ஆயிற்று. கட்டுரையின் கணக்குப்படி அது இன்னும் ஐந்து வருடம் ஓடியிருக்க வேண்டிய கார். அதனால்தான் இந்தக் கடிதம்.

இதை எழுதுவதில் எனக்கு ஒரு வெட்கமும் உண்டு. நான் வேதியியல் ஆசிரியை. இருபத்தெட்டு வருடமாக மூன்று சோதனைக் குழாய், மூன்று ஆணி வைத்து இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று பாடம் நடத்துகிறேன். முதல் குழாயில் சாதாரணத் தண்ணீர். இரண்டாவதில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், மேலே காற்றுப் புகாமல் ஒரு படலம் எண்ணெய். மூன்றாவதில் தண்ணீரே கிடையாது, ஈரத்தை உறிஞ்சக் கால்சியம் குளோரைடு. நாலு நாள் கழித்துப் பார்த்தால் முதல் ஆணி மட்டும் பழுப்பேறியிருக்கும். தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால்தான் துரு என்று பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஐந்து மதிப்பெண் கேள்வி. அதைத் திருத்திய விடைத்தாள் கட்டுகளைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு நான் வீட்டுக்கு ஓட்டி வந்த கார், அதே நேரத்தில் எனக்குக் காலடியில் முதல் குழாயாக இருந்திருக்கிறது.

கரும்பச்சைக் கார். 21 வருடம், 1,86,000 கிலோமீட்டர். கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அதில்தான். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது லேசாக இடது பக்கம் சாய்த்துத் தள்ள வேண்டும். வேறு யார் ஓட்டினாலும் கரகரவென்று சத்தம் போடும், எனக்கு மட்டும் வழுக்கிக்கொண்டு விழும். என் மகள் சின்ன வயதில் பின் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர் பாதி உரிந்தபடி கடைசி வரை இருந்தது. இப்போது அவளே வேலைக்குப் போகிறாள்.

காரில் ஒரு வாடை இருந்தது. மழையில் நனைந்த கோணியை மூலையில் போட்டு வைத்தால் வருமே, அந்த வாடை. ஆறேழு வருடமாக இருந்தது. நான் என்ன செய்தேன்? டாஷ்போர்டில் வாசனை டப்பா வாங்கி வைத்தேன். எலுமிச்சை வாசனை. டப்பா தீர்ந்ததும் இன்னொன்று. பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள் எப்போதாவது, "கீழே ஈரமா இருக்கே" என்பார்கள். குடையை வைத்திருப்பீர்கள் என்று சொல்லிவிடுவேன்.

பிறகு தெரிந்தது. ஏசி ஓடும்போது உள்ளே குளிர்ந்து சொட்டும் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாகத் தரையில் விழ வேண்டும். அந்தக் குழாய் தூசியால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்பக்கமே திரும்பி, முன் சீட்டுக்கு எதிரில் கார்பெட்டுக்கு அடியில் போய்ச் சேரும். கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கிற பள்ளத்திலும் இலை தழை மக்கி வடிகால் அடைத்தால் மழைத் தண்ணீரும் அதே வழியில் இறங்கும். கார்பெட்டுக்கு அடியில் இருப்பது பஞ்சு மாதிரியான ஃபோம். ஒரு தடவை குடித்தால் லேசில் விடாது. மேலே கார்பெட் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் மாதக்கணக்கில் ஈரம் நிற்கும். அதன் கீழே, ஒரு மில்லிமீட்டர்கூட கனம் இல்லாத தகடு.

ஐந்து வருடத்துக்கு முன்னால் பின் சக்கரத்துக்கு மேலே பெயின்டில் ஒரு கொப்பளம் வந்தது. சுண்டுவிரல் நகம் அளவு. இரும்பு துருவாக மாறினால் முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் உள்ளிருந்து பெயின்டைத் தள்ளும். அதாவது வெளியே கொப்பளம் தெரிகிறது என்றால் உள்பக்கம் வேலை எப்போதோ தொடங்கிவிட்டது. இதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான். ஒரு டிங்கரிங் பட்டறையில் விட்டேன். இரண்டு நாளில் புதுசு மாதிரி வந்தது. நிறம்கூட அச்சு அசலாகச் சேர்ந்திருந்தது. சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்தேன். அவர்கள் துருவை வெட்டி எடுக்கவில்லை, மேலாகத் தேய்த்துவிட்டு விரல் கனத்துக்குப் பட்டி பூசி மூடியிருக்கிறார்கள். பட்டி ஈரத்தை இழுக்கும். இழுத்ததை விடாது.

போதாக்குறைக்கு நானே ஒரு காரியம் செய்தேன். அடிப்பக்கம் பத்திரமாக இருக்கட்டும் என்று கறுப்புத் தார் மாதிரி ஒரு அண்டர்கோட்டிங் அடிக்கச் சொன்னேன். புதுத் தகட்டில் அடித்தால் அது நல்ல விஷயம். ஏற்கெனவே துரு தொட்ட தகட்டில் அடித்தால், ஈரத்தை உள்ளே வைத்துச் சீல் வைத்த மாதிரி. அடித்த பையன் தண்ணீர் வடியும் துளைகளையும் சேர்த்து மூடிவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. துளை எங்கே இருக்கிறது என்று காரின் சொந்தக்காரிக்கே தெரியாது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, வகுப்பில்கூட இதற்கு நேரம் கிடைப்பதில்லை. துருவுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதால் காற்று நன்றாகப் படுகிற இடம்தான் முதலில் அரிக்கும் என்று நினைப்போம். நடப்பது தலைகீழ். ஒரே ஈரம் பரவிய தகட்டில் காற்றுப் படும் இடம் ஒரு மின்முனையாகவும் காற்றுக் குறைவான இடம் எதிர்முனையாகவும் மாறி, ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். இரும்பு கரைந்து போவது காற்றுக் குறைவான பக்கத்தில். சேறு அப்பிய இடம், இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படிந்த மடிப்பு, பட்டிக்கு அடி, கோட்டிங்குக்கு அடி. நாம் எதையெல்லாம் மூடி வைக்கிறோமோ அங்கேதான். ஈரத்தில் உப்பு சேர்ந்தால் மின்சாரம் இன்னும் சுலபமாக ஓடும், கேட்கவே வேண்டாம்.

கடைசியில் பிரேக் கொஞ்சம் இழுக்கிறது என்று மெக்கானிக்கிடம் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பல வருடப் பழக்கம். காரை லிப்டில் ஏற்றிவிட்டு, "டீச்சர், இங்க வாங்க" என்றார். குரல் சரியில்லை. அடியில் போய் நின்றேன். இருபது வருடத்தில் என் காரை நான் கீழிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகட்டில் டங் டங் என்று கேட்டது. ஓட்டுநர் கதவுக்கு அடியில், நாம் காலைத் தூக்கி வைத்து ஏறும் இடத்தில் நீளமாக ஒரு பெட்டி ஓடும், அங்கே வந்ததும் சத்தம் தப் தப் என்று மாறியது. அட்டைப் பெட்டியைத் தட்டின மாதிரி. முனையைத் திருப்பி மெல்ல அழுத்தினார். குத்தவில்லை, அழுத்தினார், அவ்வளவுதான். உள்ளே போய்விட்டது. பழுப்புச் செதில்கள் பிஸ்கட் தூள் போல என் தோளில் கொட்டின. அப்புறம் துளையிலிருந்து ஒரு கரண்டி அளவு தண்ணீர் வழிந்தது. மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது.

"வெல்டிங் வைக்க முடியாதா தம்பி?" என்று கேட்டேன்.

"வைக்கலாம் டீச்சர். ஆனா எதுல வைக்கிறது?"

இதற்குமேல் யாரும் சுருக்கமாகச் சொல்ல முடியாது. புதுத் துண்டைப் பற்ற வைக்க விளிம்பில் நல்ல இரும்பு வேண்டும். அவர் ஓட்டையைச் சுற்றித் தேய்த்துத் தேய்த்து நல்ல இரும்பைத் தேடினார், ஓட்டைதான் பெரிதாகிக்கொண்டே போனது. மெலிந்த தகட்டில் வெல்டிங் நெருப்புப் பட்டால் காகிதம் மாதிரி கருகி விலகும். சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடத்தைக் காட்டினார். பின் சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடத்தைக் காட்டினார். ஜாக்கி வைக்கும் இடம் ஏற்கெனவே உள்வாங்கியிருந்தது. பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாயில் ஒரு சாண் தூரம் துருப் பொருக்கு. பிரேக் இழுத்ததற்கு அது காரணம் இல்லையாம், அது வேறு சின்ன விஷயமாம். ஆனால் அந்தக் குழாயை நம்பித்தான் தினமும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

வீட்டில் ஒரு வாரம் வாக்குவாதம். "பாடிதானே போச்சு, இன்ஜின் நல்லாத்தானே இருக்கு" என்றார் வீட்டுக்காரர். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், கட்டுரையும் அப்படித்தான் நினைக்க வைக்கிறது. ஒரு காலத்தில் அது சரி. கீழே தனியாக சேஸிஸ் என்ற கனமான இரும்புச் சட்டம், அதன்மேல் சட்டை மாட்டின மாதிரி பாடி. சட்டை கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். 1922-ல் இத்தாலியில் வந்த லான்சியா லாம்ப்டாவில் பாடியே பாரம் தாங்கும்படி செய்தார்கள். 1934-ல் சிட்ரோயன் டிராக்ஷன் அவான் அதைப் பெரிய அளவிலான தயாரிப்புக்குக் கொண்டு வந்தது. இன்றைக்கு ஓடுகிற சாதாரணக் கார் அநேகமாக எல்லாம் இந்த வகைதான். தனிச் சட்டம் கிடையாது. தரைத் தகடும் அந்தப் பெட்டியும் தூண்களும் சேர்ந்துதான் எலும்புக்கூடு. பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து மோதினால் நமக்கும் அதற்கும் நடுவில் நிற்பதும் அந்தப் பெட்டிதான். என்னுடையது தப் தப் என்கிறது.

இன்ஜினைக் கழற்றி மாற்றலாம், கியர் பாக்ஸை மாற்றலாம். காரை மாற்றுவது என்றால் பாடியை மாற்றுவது. ஒரு கருத்தரங்கே வைத்துத்தான் வீட்டுக்காரருக்கு இதைப் புரிய வைத்தேன். புரிந்ததும் அவர் ஒன்றும் சொல்லாமல் போய் டிக்கியைக் காலி பண்ண ஆரம்பித்தார்.

உடைக்கிற இடத்தில் முதலில் பேட்டரியைக் கழற்றினார்கள், அப்புறம் ஆயில், பெட்ரோல் எல்லாவற்றையும் வடித்தார்கள். நான் அதற்குமேல் நிற்கவில்லை. பெட்டித் தகட்டில் உள்ளங்கை அளவு ஒரு துண்டை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது ஆய்வகத்தில் மூன்று குழாய்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு மாணவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே டீச்சர், அப்புறம் எப்படி?" என்று கேட்டாள். குனிந்து பார்க்கவில்லை என்றேன். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த காரும் பழையதுதான் வாங்கினேன், ஏழு வயது. பார்க்கப் போன இடத்திலெல்லாம் விற்கிறவர் முதலில் பானெட்டைத் திறந்து ஆக்சிலேட்டரை முறுக்குவார். "கேளுங்க மேடம், பஞ்சு மாதிரி ஓடுது." நான் இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு முன் சீட்டு கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி விரலால் ஃபோமை அழுத்துவேன். மூக்கைக் கிட்டத்தில் கொண்டு போவேன். பையில் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று, மெல்லிய துணி சுற்றி. சக்கரத்துக்கு மேல் வளைவு, கதவின் கீழ் விளிம்பு, அந்தப் பெட்டி, எல்லா இடத்திலும் ஒட்டிப் பார்ப்பேன். கனமாகப் பட்டி பூசியிருந்தால் பிடிக்காமல் வழுக்கும். ஒரு பளபளப்பான சிவப்புக் காரில் காந்தம் மூன்று இடத்தில் கீழே விழுந்தது. விற்கிறவர் காந்தம் பழசு என்றார்.

1837-லேயே ஸ்டானிஸ்லாஸ் சோரெல் என்ற பிரெஞ்சுக்காரர் இரும்பைத் துத்தநாகத்தில் முக்கிப் பூசும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். இப்போது வரும் கார்களில் அந்தப் பூச்சுத் தகடு நிறையவே இருக்கிறது, பழைய கார்களுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. ஆனால் துத்தநாகமும் தீரும். அடைத்த துளையில் தேங்கும் தண்ணீருக்குப் பொறுமை அதிகம்.

கடிதம் நீண்டுவிட்டது. தேவையானதை வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் வரும் பகுதியை மட்டும் விட்டுவையுங்கள். அடுத்த முறை பழைய கார் பற்றி எழுதும்போது மெழுகு தேய்த்த காரை முன்பக்கமாக நிறுத்திப் படம் போடாமல், லிப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் படம் பிடித்துப் போடச் சொல்லுங்கள்.

இன்று காலை என் காரின் நாலு கதவுக்கும் கீழே குனிந்து, வடிகால் துளைகளில் கொண்டை ஊசியை விட்டுப் பார்த்தேன். இரண்டு அடைத்திருந்தன.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை
(பெயர் போட வேண்டாம், பிள்ளைகள் பேப்பர் படிக்கிறார்கள்)