ரெட் ராக்ஸ் அரங்க வரலாறு: துணைநின்ற அனைவருக்கும் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகருக்கு மேற்கே, மோரிசன் என்ற சிற்றூரை ஒட்டியுள்ள ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கத்தின் வரலாற்றைத் தமிழில் ஒரு சிறு நூலாக எழுதி முடித்துள்ளேன். நூல் அச்சுக்குப் போகும் இவ்வேளையில், இதற்குத் துணைநின்றவர்களுக்குப் பொதுவில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். முன்னுரையின் கடைசிப் பத்தியில் அடக்கிவிடக்கூடிய கடன் அன்று இது. தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர்களுள் பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால், அவர்கள் செய்த உதவியை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

அரங்கத்தின் கதையைக் கட்டடத்திலிருந்து தொடங்காமல் பாறையிலிருந்து தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர் ஒருவர். தெற்கே ஷிப் ராக், வடக்கே கிரியேஷன் ராக் என இருபுறமும் 300 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் பாறைகளை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் என்னைப் பாறையின் அடியில் நிறுத்தி, கையால் தடவிப் பார்க்கச் சொன்னார். உருண்டு தேய்ந்த கூழாங்கற்களும் இளஞ்சிவப்புப் படிகத் துணுக்குகளும் விரலில் தட்டுப்பட்டன. இன்றைய ராக்கி மலைகளுக்கு முன்பு அங்கிருந்த பழைய மலைத்தொடர் ஒன்று தேய்ந்து, ஆறுகளால் அடித்து வரப்பட்டு, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த வண்டல்தான் அது என்றும், பிற்காலத்தில் மலை மீண்டும் எழும்பியபோது அந்தப் படிவு இப்படிச் சாய்ந்து நின்றது என்றும், அதன் செந்நிறம் இரும்புத் துருவால் வந்தது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். மேடையிலிருந்து எழும் ஒலியைச் சிதறவிடாமல் இருக்கைகளின் பக்கம் திருப்புவது இந்தப் பாறைச் சுவர்களே. ஆதலால் அவருடைய பாடம் நூலின் முதல் இயலாகவே ஆகிவிட்டது.

டென்வர் பொது நூலகத்தின் மேற்குப் பகுதி வரலாற்றுப் பிரிவில் பணியாற்றுவோருக்கு என் நன்றி தனியே உரியது. யூட் பழங்குடியினர் நெடுங்காலம் அறிந்திருந்த இந்த இடத்தில், 1906இல் தற்காலிக மேடை போட்டு இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கிய ஜான் பிரிஸ்பென் வாக்கரைப் பற்றிய செய்திகளைத் தேடித் தந்தவர்கள் அவர்கள். காஸ்மோபாலிட்டன் இதழை முன்னர் நடத்திய வாக்கர், இந்தப் பள்ளத்தாக்கை மக்கள் கூடும் இடமாக்க வேண்டும் என்று கனவு கண்டவர். அவருடைய அழைப்பின்பேரில் 1911இல் மேரி கார்டன் என்ற புகழ்பெற்ற ஓபெரா பாடகி இங்கே பாடி, இதன் ஒலியமைப்பை வியந்து பாராட்டினார். வாக்கரின் செல்வம் கரைந்துபோனது. 1928இல் டென்வர் நகரம் 54,133 டாலருக்கு இந்த நிலத்தை வாங்கியது.

நகரப் பூங்காத் துறைக்குப் பொறுப்பாக இருந்த ஜார்ஜ் கிரான்மர், சிசிலித் தீவின் தாவோர்மினாவில் கண்ட பழங்கால அரங்கத்தை மனத்தில் வைத்து, மேயர் பெஞ்சமின் ஸ்டேப்பிள்டனை இசையவைத்தார். கட்டடக் கலைஞர் பர்ன்ஹாம் ஹாய்ட் வடிவமைத்தார். ஹாய்ட்டின் வரைபடங்களை என்னோடு அமர்ந்து படித்துக் காட்டிய கட்டடக் கலை மாணவிக்கு நான் பெரிதும் கடன்பட்டவன். ஏனெனில் ஹாய்ட்டின் பெருமை அவர் கட்டியதைவிடக் கட்டாமல் விட்டதில்தான் இருக்கிறது என்பதை அவர் வாயிலாகவே உணர்ந்தேன். வளைவோ, தூணோ, அலங்காரமோ வைத்துத் தம் கைவண்ணத்தைக் காட்ட வாய்ப்பிருந்தும், சரிவின் போக்கிலேயே படிவரிசைகளை இறக்கி, ஓரங்களில் ஜூனிபர் மரங்களை நட்டு, சுவர்களைப் பாறையின் நிறத்தோடு ஒன்றச் செய்து, பாறையே அரங்கமாகத் தோன்றும்படி அவர் ஒதுங்கிக்கொண்டார். இருபதாம் நூற்றாண்டில் எழுந்த அரங்கங்களுள் இவ்வளவு அடக்கமானது வேறொன்று இருக்குமா என்பது எனக்கு ஐயமே.

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய உதவியைச் சொல்கிறேன். வரைந்தவர் பெயரும் ஆணையிட்டவர் பெயரும் எல்லா நூல்களிலும் உள்ளன. கல் சுமந்தவர்களின் பெயர்களைக் காண்பது அரிது. பெருமந்தம் எனப்பட்ட பொருளாதாரச் சரிவுக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களுக்காக அதிபர் ரூஸ்வெல்ட் 1933இல் தொடங்கிய சி.சி.சி. (சிவிலியன் கன்சர்வேஷன் கோர்) என்னும் அமைப்பைச் சேர்ந்த பிள்ளைகள், 1936 முதல் ஐந்து ஆண்டுகள் இங்கே உழைத்தார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். அவர்களுள் ஒருவரின் மகளான எண்பது வயதைக் கடந்த அம்மையார், தம் தந்தை முகாமிலிருந்து தாய்க்கு எழுதிய கடிதங்களை என்னை நம்பி மேசைமேல் விரித்து வைத்தார். பென்சிலால் எழுதப்பட்டு, மடிப்புகளில் கிழிந்து, பின்புறம் காகித ஒட்டுப் போடப்பட்டிருந்த அந்தத் தாள்களில் கடப்பாரையும் தள்ளுவண்டியும் கையில் எழும்பிய கொப்புளங்களும் வருகின்றன. பணம் வந்து சேர்ந்ததா, தம்பிக்குச் செருப்பு வாங்கியாகிவிட்டதா என்ற கேள்விகள் அவற்றைவிட அதிகமாக வருகின்றன. அன்று மாலை முழுவதும் அவர் அலுக்காமல் படித்துக் காட்டினார். நடுவே தேநீரும் தந்தார். அம்மா, உங்கள் தந்தையும் அவருடன் உழைத்தவர்களும் இல்லாமல் ஹாய்ட்டின் வரைபடம் வெறும் தாளாகவே இருந்திருக்கும். 1941 ஜூன் 15 அன்று அரங்கம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே சி.சி.சி. கலைக்கப்பட்டு, அந்தத் தலைமுறை போருக்குப் போனது. அவர்கள் தங்கியிருந்த முகாமின் கொட்டகைகள் இன்றும் மோரிசனில் நிற்கின்றன. 2015இல் பூங்காவோடு அந்த முகாமையும் சேர்த்துத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது மிகச் சரியான செயல்.

ராக் இசைக் காலத்தைப் பற்றி எழுதும்போது, பல்லாண்டுகள் இங்கே வழிகாட்டும் ஊழியராக இருந்த பெரியவர் ஒருவர் கைகொடுத்தார். 1964இல் பீட்டில்ஸ் வந்தபோது எல்லா இடங்களும் நிரம்பவில்லை என்ற செய்தியை முதலில் சொன்னவர் அவர். 1971 ஜூன் 10 அன்று ஜெத்ரோ டல் குழுவின் நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு இல்லாத பெருங்கூட்டம் திரண்டு, காவல்துறை கண்ணீர்ப்புகை வீச, அது உள்ளே இருந்தவர்களையும் வாட்டியதை அவர் இரு தரப்பின் நியாயத்தையும் எடைபோட்டு விவரித்தார். அதன் விளைவாக நகரம் ராக் நிகழ்ச்சிகளுக்குச் சில ஆண்டுகள் தடை விதித்தது. 1983 ஜூன் 5 அன்று மழையிலும் பனிமூட்டத்திலும் யூ2 குழு பாடியதும், அதன் படப்பதிவு உலகெங்கும் இந்த இடத்தைக் கொண்டுசேர்த்ததும் பலரும் அறிந்தவை. ஆகவே நூலில் அவற்றைச் சுருக்கமாகவே தந்துள்ளேன்.

கையெழுத்துப் படியை வரிவரியாகப் படித்துத் திருத்திய தமிழாசிரியருக்கும், படங்களை எடுத்துத் தந்த நண்பருக்கும், வார இறுதிகளை எனக்காக விட்டுக்கொடுத்த என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உளமார்ந்த நன்றி.

நூல் வெளிவந்ததும் முதல் படியைக் கடிதங்களைத் தந்த அம்மையாரிடம் நேரில் ஒப்படைத்து, அவர் தந்தையைப் பற்றிய பக்கங்களை ஆங்கிலத்தில் படித்துச் சொல்வதாக வாக்களித்துள்ளேன். அந்த முகாமில் பணியாற்றியவர்களின் புகைப்படங்களோ கடிதங்களோ வேறு எவரிடமேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். அடுத்த பதிப்பில் அவர்களுக்கென ஓர் இயலை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
நூலாசிரியர்