ஒட்டுவதை நிறுத்தி ஒருமுறை ஓட்டிப் பார்ப்போமா?

மாதிரி ரயில் மன்றத்து நண்பர்களுக்கு,

வணக்கம். ஆளுக்கொரு பலகையாகக் கட்டிச் சேர்க்கிற நம் பொது ரயில் தளத்தில் இப்போது நடக்கிற வேலைகளைப் பார்த்தால் மனசு நிறைகிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்குப் பாலம் கட்டுகிறவர் ஒவ்வொரு வளைவிலும் கல்வரிசையைத் தனித்தனியாகக் கீறி, தண்ணீர் வடிகிற இடத்தில் மட்டும் பாசிப்பச்சை தொட்டிருக்கிறார். யார்டு வேலையில் இருப்பவர் பழைய துரு, புதுத்துரு என்று பிரித்துப் பூசுகிறார். நகரப் பலகையில் சன்னலுக்குச் சன்னல் விளக்கு. அதில் ஒன்று மட்டும், ஸ்டார்ட்டர் போன ட்யூப்லைட் மாதிரி விட்டு விட்டு எரிகிறது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறாராம்!

ஆனால் இத்தனை அழகையும் ஒரு சுற்று சுற்றிவர ஒரு ரயிலால் முடியவில்லை.

அவரவர் பலகைக்குள் வண்டி ஜம்மென்று ஓடுகிறது. அடுத்த பலகைக்குத் தாண்டும்போதுதான் நின்றுவிடுகிறது, இல்லையென்றால் தடம் புரள்கிறது. நாம் கட்டுவது 1:87 அளவில். மூட்டில் ஒரு தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தைவிட ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்றால், நிஜ ரயிலுக்கு அது கிட்டத்தட்ட 9 செ.மீ. படிக்கட்டு. நம் சக்கர விளிம்போ, ஆர்பி-25 என்ற மாதிரி ரயில் சக்கர வடிவத் தரத்தில் வெறும் 0.64 மி.மீ. ஆழம். அந்தப் படியில் அது ஏறும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வண்டியைக் குறை சொல்லி எடையைக் கூட்டிப் பார்க்கிறோம், சக்கரத்தை மாற்றுகிறோம், மூட்டை மட்டும் விட்டுவிடுகிறோம்.

பலகைகளைத் தனித்தனியே வைத்துக்கொண்டு எவ்வளவு கவனமாக அளந்தாலும் இது சரிவராது. இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு, தண்டவாளத்தை மூட்டுக்குக் குறுக்கே ஒரே துண்டாகப் போட வேண்டும். மூட்டின் இரு புறமும் பித்தளைத் திருகு இறக்கி, தண்டவாளத்தின் அடியை அதன் தலையில் சால்டர் வைக்க வேண்டும். சூடு ஆறியபின் மெல்லிய அறுப்பு வட்டால் நடுவே அறுத்தால், இரண்டு முனையும் தாமாகவே நேருக்கு நேர் நிற்கும். உயரம் கொஞ்சம் தப்பினால் சால்டரைச் சூடாக்கி இளக்கி, திருகைக் கொஞ்சம் திருப்பித் திருத்தலாம். ஜல்லி கொட்டிப் பசை ஊற்றிய பிறகு இதைச் செய்ய யாருக்கும் மனசு வராது. அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

அடுத்தது ஒயர். மேசைக்கு அடியில் குனிகிற வேலையை யாரும் விரும்புவதில்லை என்பது தெரியும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1946-இல் தொடங்கிய மாதிரி ரயில் மன்றத்தில், மேலே வண்டியும் வீடும் செய்தவர்களும் உண்டு, கீழே ரிலேயோடும் ஒயரோடும் மல்லுக்கட்டியவர்களும் உண்டு. கணினி வரலாற்றில் பேர் வாங்கியவர்கள் கீழே கிடந்தவர்கள்தான்! நம் பலகைகள் சிலவற்றில் தண்டவாள இணைப்பான்களை நம்பியே மின்சாரம் போகிறது. இணைப்பான் கறுத்துவிட்டால் அதோடு சரி. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி ஃபீடர், அதாவது மின்சாரம் கொண்டுவரும் சின்ன ஒயர், கொடுத்து, அடியில் ஓடும் தடிமனான பஸ் ஒயர் என்ற முதன்மை ஒயரில் சேர்த்துவிடுங்கள். பிறகு, ஒரு நாணயத்தை இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்துப் பாருங்கள். தடத்துக்கு மின்சாரம் தருகிற பூஸ்டர் கருவி அதை உடனே துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் அந்த இடத்து ஒயர் மெலிசு என்று அர்த்தம். நிஜமாகவே ஷார்ட் ஆகும் நாளில் தடமும் வண்டியும் சூடேறிப் பிளாஸ்டிக் உருகும்.

மலை கட்டுகிறவரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். சுரங்கப்பாதையின் வாய் வளைவில் இருக்கிறது. 26.4 மீட்டர் பயணிகள் பெட்டி நம் அளவில் 30 செ.மீ. தாண்டும். வளைவில் அதன் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் பிதுங்கும். முகப்புக் கல்லை ஒட்டுமுன் நம்மிடம் உள்ளதிலேயே நீளமான பெட்டியை உள்ளே தள்ளிப் பாருங்கள். மலைக்குப் பின்புறம் கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பும் வையுங்கள். வண்டி உள்ளேதான் கவிழும், வெளியே கவிழாது. ஏனோ அதுதான் வழக்கம்.

அடுத்த கூட்டத்தில் மரம், புல், பெயின்ட் எதுவும் வேண்டாம். எல்லாப் பலகையையும் மாட்டி, நம்மிடம் இருக்கிற மிக நீளமான ரயிலை மெதுவாக ஒரு முழுச் சுற்று ஓட்டுவோம். பிறகு அதே ரயிலை இன்ஜின் பின்னால் இருந்து தள்ளட்டும். இழுக்கும்போது ஒளிந்திருந்த கோளாறெல்லாம் தள்ளும்போது வெளியே வந்துவிடும். எங்கே நின்றாலும் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு குறி போடுவோம். யாருடைய பலகை என்ற பேச்சே வேண்டாம், எல்லோரும் சேர்ந்தே சரிசெய்வோம்.

வரும்போது சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் எடுத்து வாருங்கள். பசை டப்பா அலமாரியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்