ஃபைபர் போடலாமா என்று கேட்டாயே

மன்னார்குடி

அன்புள்ள கயலுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலந்தானே. இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம்.

லேண்ட்லைனை எடுத்துவிட்டு, கண்ணாடி இழையில் இன்டர்நெட்டும் போனும் வரும் ஃபைபர் போடச் சொன்னாய். அப்பா போனில் பிடி கொடுக்காமல் பேசியதில் உனக்கு வருத்தம் என்று தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போடலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் நீ சொன்ன காரணத்துக்காக இல்லை.

நீ வேகம் வேகம் என்கிறாய். நாங்கள் செய்தி பார்ப்பதற்கும் பழைய பாட்டு கேட்பதற்கும் இப்போதுள்ளதே போதும். தெளிவான படம் ஓட நொடிக்கு 5 மெகாபிட் தாராளம், அது வந்துகொண்டுதான் இருக்கிறது. குறை வேறு இடத்தில். வீடியோ காலில் உன் முகம் எங்களுக்கு நன்றாகத் தெரிகிறது. நீதான் "அம்மா, நீ அப்படியே நிக்கிறே" என்கிறாய். லேண்ட்லைனின் செம்புக் கம்பியிலேயே இன்டர்நெட் வரும் ஏடிஎஸ்எல் முறையில் நம் பக்கம் வரும் வழி அகலம், இங்கிருந்து போகும் வழி ஒடுக்கம். அமைப்பே அப்படித்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட சிக்னலும் தேயும். நாம் இருப்பதோ ஊர்க்கோடி, இங்கிருந்து போவது 1 மெகாபிட்டைத் தொடுவதில்லை. குட்டி பாட்டுப் பாடி முடித்ததும் நாங்கள் கைதட்டுகிறோம், அது அவளிடம் போய்ச் சேருவதற்குள் அவள் எழுந்து ஓடிவிடுகிறாள். பேத்தி எங்களைப் பார்க்க வேண்டும், கயல். அதற்காகவே மாற்றலாம்.

இன்னொன்றும் உண்டு. ஃபைபருக்கு அடிப்படையான முழு அக எதிரொளிப்பை எத்தனையோ வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். மாறுநிலைக் கோணம் என்ற எல்லையைவிடக் கூடுதலான கோணத்தில் விழும் ஒளி, கண்ணாடி இழையைவிட்டு வெளியேறாமல் உள்ளுக்குள்ளேயே எதிரொளித்துப் போகும். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் இயற்பியலாளர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து இழைக்கட்டு வழியே படத்தை அனுப்பிக்காட்டி 1954இல் கட்டுரை வெளியிட்டார். ஆனால் கொஞ்ச தூரத்திலேயே ஒளி மங்கிவிடும். கண்ணாடியின் இயல்பே அது என்று பலரும் நினைத்திருக்க, சார்லஸ் காவோ என்ற விஞ்ஞானி 1966இல் கண்ணாடியில் கலந்திருக்கும் அசுத்தம்தான் ஒளியைத் தின்கிறது, அதை நீக்கினால் பல கிலோமீட்டர் அனுப்பலாம் என்றார். 2009இல் அவருக்கு நோபல் கிடைத்தபோது பேப்பர் செய்தியை வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டினேன். அந்தப் பாடம் நம் வாசல்வரை வந்து நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஐப்பசி இடிக்கும் இது நல்லது. கண்ணாடியில் மின்சாரம் பாயாது. மேகம் கறுத்தால் ஓடிப்போய் போன் வயரைப் பிடுங்கும் வேலை இருக்காது. கரண்ட் பிளக்கை மட்டும் எடுத்துவிட்டால் போதும். கேபிளோடு ஒட்டி வரும் இரும்புக் கம்பியில் மட்டும் மின்சாரம் பாயும், அதை வெளிச்சுவரிலேயே நிறுத்தச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் பயத்தைப் பிடிவாதம் என்று எண்ணாதே. 2018 நவம்பர் கஜா புயலில் செல்போன் டவரெல்லாம் அடங்கிக் கிடந்தபோது, இருட்டில் உட்கார்ந்து உன்னோடு பேசியது அந்த லேண்ட்லைனில்தான். எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் கம்பி வழியே வரும், வீட்டில் கரண்ட் வேண்டாம். ஃபைபரில் வருவது வெறும் ஒளி. சுவரில் மாட்டும் பெட்டிக்கு நாம்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். அதை இன்வெர்ட்டர் லைனில் மாட்டி, 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்றும் வைத்துவிடலாம். ஆனால் கேபிள் வருவது ஈபி கம்பத்தின் மேலே. கம்பம் சாய்ந்தால் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. இதை நான் அப்பாவிடம் மறைக்கவில்லை. பழைய கம்பியும் இப்போது அந்த நிலையில் இல்லையே என்றுதான் கேட்டேன். ஒரு மழைக்கே ஜாயின்டில் தண்ணீர் இறங்கிக் கொரகொரக்கிறது, அதைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்த லைன்மேன்கள் ரிட்டையர் ஆகிவிட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்பர் மட்டும் மாறக் கூடாது" என்றார். அது நியாயம். அத்தை வீட்டிலிருந்து கேஸ் ஏஜென்சிவரை எல்லாரிடமும் இருப்பது அந்த நம்பர். அதே நம்பர் ஃபைபரிலும் வரும் என்று எழுதித் தந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவோம்.

பெரிய பிளான் எதுவும் வேண்டாம். 100 மெகாபிட் என்றாலே நொடிக்கு 12.5 மெகாபைட், நமக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. போகும் வேகமும் வரும் வேகமும் ஒன்றா என்று மட்டும் கேட்பேன். சொல்கிற வாடகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். ஒரு வருஷப் பணத்தை முன்கூட்டிக் கட்டினால் சலுகை என்கிறார்கள். ஒரு மழைக்காலம் எப்படிப் போகிறது என்று பார்க்காமல் கட்ட மாட்டேன். நீ பணம் அனுப்பாதே, பென்ஷனில் முடியும்.

நீ சொல்ல வேண்டியது ஒன்றுதான். பொங்கலுக்கு வந்து ஒரு மாசம் இங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பேன் என்றாயே, மாடி அறையிலா, பின்கட்டிலா? நம் வீட்டுச் சுவர் தடிமனுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு சுவரைத் தாண்டினாலே பெரிது. கேபிளைச் சட்டென்று மடக்கித் திருப்பவும் கூடாது, ஒளி கசிந்துவிடும். ஆள் வந்து சுவரில் துளை போடுவதற்குள் இடத்தை முடிவு செய்ய வேண்டும். மாப்பிள்ளைக்கும் மீட்டிங் இருக்குமா என்று கேட்டு எழுது. இருந்தால் மாடிக்குத் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா