அசனத்தில் சோறு வடித்த அண்ணாச்சிக்கு நன்றி

பெயர் சொல்லாமல் போன அண்ணாச்சிக்கு எங்கள் சபையாரின் நன்றியும் ஸ்தோத்திரமும். நெல்லைச் சீமையில் அசனம் என்னும் சபை விருந்து கெடுவது பெரும்பாலும் சோறு வடிக்கும் இடத்தில்தான். அங்கேதான் நீங்கள் நின்றீர்கள்.

100 பேருக்கு 12 கிலோ அரிசி கணக்கு. கடைசிப் பந்தியை நினைத்து 2 கிலோ கூட்டச் சொன்னீர்கள். பருக்கையை நசுக்கி, நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும்போதே கஞ்சியை வடித்தீர்கள். மீதி வேக்காட்டைச் சூடே பார்த்துக்கொள்ளும். ஓலைப்பாயில் ஒரு சாணுக்கு மேல் குவிக்க விடவில்லை. குவித்தால் அடிச்சோறு ஆவியில் குழைந்து, பிற்பகலுக்குள் நொந்துபோகும்.

படுக்கையில் கிடக்கும் பெரியவர்களின் தூக்குவாளிகளை முதலில் நிரப்பினீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. அடி ஒட்டிய சோற்றை அவர்களுக்கு அனுப்புவது உபசரிப்பே ஆகாது. லூக்கா 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் விருந்துக்கு அழைக்கச் சொன்னது ஏழைகளையும் ஊனரையும் அல்லவா! பேருந்துக்கு நின்ற வழிப்போக்கர்களையும் அழைத்துவந்து, சபையாரோடு ஒரே வரிசையில் இலை போட்டீர்கள்.

உங்கள் கண்ணகப்பையைக் கழுவி வைத்திருக்கிறோம். அடுத்த அசனத்துக்கு வாருங்கள் அண்ணாச்சி. முதல் பந்தியில் உங்களுக்கு இலை இருக்கிறது.