கணினிகளைக் கழித்துக்கட்டும் முன்: பள்ளி வாரியத்துக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி வாரியத் தலைவர் அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயற்குழுவினருக்கும் வணக்கம்.

நம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா நான். பினாங்கு கோம்தாரில் பதினோரு ஆண்டு கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். இப்போது பிறையில் வீட்டிலிருந்தே அதே வேலை. போன கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து கை தூக்கியவன் நான்தான். நேரமாகிவிட்டது, பிள்ளைகளுக்கு டியூஷன், எல்லாரும் எழுந்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

கணினிக்கூடத்தில் இருக்கும் 22 கணினிகளையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம், அதற்கு ஒரு நன்கொடை விருந்து வைக்கலாம் என்ற பேச்சு ஏறக்குறைய முடிவாகிவிட்டது. விருந்துச் சீட்டை யார் தலையில் கட்டுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். போன தடவை என் மனைவி இருபது சீட்டு வாங்கி, விற்காத பதினான்குக்கும் தன் காசையே கட்டினாள். மிச்சச் சீட்டு இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

விலைப்பட்டியல் கொண்டுவந்த வியாபாரி ஒன்று சொன்னார்: "அக்டோபரோடு விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, இனி இந்தக் கணினிகள் ஓடாது." முதல் பாதி சரி. 2015இல் வந்த விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. இரண்டாம் பாதி தப்பு. அவை நேற்றும் ஓடின, நாளையும் ஓடும். பாதுகாப்புக்கான திருத்தங்கள் மட்டும் இனி வராது. இருபது பிள்ளைகள் ஒரே விரலியை (பென்டிரைவை) மாற்றி மாற்றிச் செருகும் இடத்தில் அது சின்ன விஷயமில்லைதான். ஆனால் "ஓடாது" என்பது வேறு, "பூட்டு பழசாகிவிட்டது" என்பது வேறு.

அப்படியென்றால் விண்டோஸ் 11 போட்டுவிடலாமே என்பீர்கள். அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்றுக்கொள்கிறது. நம்முடையவை நான்காம் தலைமுறை ஐ3. குறுக்கு வழியில் ஏற்றலாம், நானே வாடிக்கையாளர்களுக்கு ஏற்றியிருக்கிறேன், ஆனால் நாளைக்கு ஏதாவது ஆனால் மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. ஒரு பள்ளிக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கல்வி உரிமம் உள்ள கணினிகளுக்கு விண்டோஸ் 10இன் பாதுகாப்புத் திருத்தங்களை மேலும் மூன்று ஆண்டுக்குக் காசு கொடுத்து வாங்கலாம். கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 1 டாலர், அடுத்து 2, அதற்கடுத்து 4. வியாபாரி அதைச் சொல்லவில்லை, ஏனென்று ஊகிக்கலாம். ஆனால் நம் கணினிகள் ஒரு தொழிற்சாலை கழித்துக் கொடுத்தவை. அவற்றில் இருப்பது கல்வி உரிமம் இல்லை.

இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972இல் திறந்தது நம் பாயான் லெப்பாசில்தான். நம் பெற்றோர்களில் எத்தனை பேர் அங்கே ஷிப்டு பார்த்தவர்கள்! இந்த 22 சில்லுகளில் ஒன்றிரண்டை நம்மூர்க் கைகளே சோதித்து அனுப்பியிருக்கலாம். சரி, அது கிடக்கட்டும்.

என் கோரிக்கை இதுதான்: கணினிகளை மாற்ற வேண்டாம், விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தை மாற்றுவோம். லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் 2 ஜிபி நினைவகத்திலேயே ஓடும், 4 ஜிபி இருந்தால் நல்லது என்கிறார்கள். நம்மிடம் 4 இருக்கிறது. அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். கோப்புகளைச் சேமிக்கும் பழைய சுழலும் வட்டை எடுத்துவிட்டு, சுழலாத, வேகமான வட்டான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் போதும். அதற்கு ஆகும் செலவு புதுக் கணினி விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

இதை வாய்ச்சொல்லாகச் சொல்லவில்லை. தலைமையாசிரியர் அனுமதியோடு மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, ஜன்னலோரம் இருக்கும் ஏழாம் எண் கணினியைத் திறந்தேன். உள்ளே மின்விசிறியில் கம்பளி மாதிரி தூசு, மூலையில் மூன்று பல்லி முட்டை. துடைத்து, வட்டை மாற்றி, விரலியிலிருந்து மின்ட் ஏற்றினேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. முன்பு பொத்தானை அழுத்திவிட்டு வாய்ப்பாடு ஒப்பிக்கலாம். இப்போது அரை நிமிடத்துக்குள் திரை வந்துவிடுகிறது. திங்கட்கிழமை பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஒரு பையன் மட்டும், "அங்கிள், பச்சையா இருக்கு" என்றான். அடுத்த கேள்வி, "மைன்கிராப்ட் இருக்கா?" பள்ளிகளுக்கான மைன்கிராப்ட் லினக்ஸில் கிடையாது, அதையும் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கியது. பிறகு பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் ஸ்கிராட்ச் திறந்து பூனையை நடக்கவிட்டான். ஸ்கிராட்ச், கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமா, கூகல் வகுப்பறை எல்லாமே உலாவியில் ஓடுபவை. கீழே என்ன இயங்குதளம் இருக்கிறது என்று அவை கவலைப்படுவதில்லை.

சிக்கல் வந்தது பிள்ளைகளிடமிருந்து இல்லை, ஒரு ஆசிரியையின் விரலியிலிருந்து. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த தேர்வுத்தாள்கள், பயிற்சிகள். ஏழாம் எண்ணில் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்தும், அரைப்புள்ளியும், அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடந்தது. "பார்த்தீங்களா, என் தமிழ் எல்லாம் போச்சு" என்று அவர் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. இந்தச் செய்திதான் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பரவி, "லினக்ஸில் தமிழ் வராது" என்று ஆகிவிட்டது.

நடந்தது வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்து என்று எதுவும் சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். அதே விரலியை என் வீட்டு விண்டோஸ் 11இல் செருகிக் காட்டினேன். அங்கேயும் அதே குப்பைதான். ஆக, வியாபாரியின் புதுக் கணினிகள் வந்தாலும் டீச்சருக்கு இந்த அழுகை காத்திருக்கிறது. அந்த எழுத்துருக் கோப்பை மின்டில் போட்டதும் எல்லாம் பழையபடி தெரிந்தது. ஆனால் அது தற்காலிக மருந்து. கோப்புகளை ஒருமுறை ஒருங்குறிக்கு, அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு, மாற்றிவிட்டால் பிறகு கைப்பேசியிலும் திறக்கலாம், தேடவும் முடியும். முப்பது கோப்பை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அட்டவணைகளில்தான் கொஞ்சம் கை வேலை மிச்சமிருக்கிறது.

தட்டச்சு பற்றியும் ஒன்று. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சல் நம் நாட்டுச் சரக்கு, நாம் பெருமைப்பட வேண்டியது. ஆனால் கணினியில் அந்த மென்பொருள் ஓடுவது விண்டோஸிலும் மெக்கிலும். மின்டில் இருக்கும் ஒலியியல் விசைமுறை (ஒலிக்கேற்ற ஆங்கில எழுத்தைத் தட்டும் முறை) அஞ்சலை ஒத்தது, ஒன்றேயல்ல. பழகிய விரல்கள் முதல் வாரம் சில எழுத்துகளில் இடறும். தமிழ் 99 என்ற விசைப்பலகை முறையைப் பழகியவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு: விசைப்பலகைப் பட்டியலில் நேரடியாகத் தெரியும் தமிழ்நெட் 99ஐத் தேர்ந்தெடுத்தால் புள்ளி தானாக விழாது. ஐபஸ் என்ற லினக்ஸ் தட்டச்சுக் கருவி வழியாக வரும் தமிழ் 99ஐப் போட்டால்தான் அ, ம, ம, ஆ என்று தட்டியதும் "அம்மா" வரும். இது தெரியாமல் நானே ஒரு மாலை முழுக்க விசைப்பலகையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

புலனக் குழுவில் ஒருவர் ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக் கதையை அனுப்பியிருந்தார். உண்மைதான். அந்த நகராட்சி 2003இல் லினக்ஸுக்குப் போக முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றி, 2017இல் விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானித்தது. அவர்கள் மாற்றியது ஆயிரக்கணக்கான அலுவலக மேசைகளை. நான் கேட்பது ஓர் அறை. பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடத்தையே ஒப்பிட வேண்டுமென்றால் கேரளத்தைப் பாருங்கள், அங்கே அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். நம் மலேசிய அரசாங்கமே 2004இல் பொதுத்துறைக்கென்று திறந்த மூல மென்பொருள் (லினக்ஸ் மாதிரி, நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள்) திட்டம் ஒன்றை வெளியிட்டது. அது எவ்வளவு தூரம் போனது என்று அரசு அலுவலக முகப்பிடத்தில் நின்று எட்டிப் பார்த்தால் தெரியும். ஆனால் யோசனை ஒன்றும் புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அலுவலகக் கணினியைத் தொட வேண்டாம். அங்கே மதிப்பெண் கணக்குப் போடும் எக்செல் கோப்பில் மேக்ரோ, அதாவது தானாக வேலை செய்யும் சிறு நிரல், இருக்கிறது. மின்டோடு வரும் இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸில் திறந்து பார்த்தேன், பாதி பொத்தான் வேலை செய்யவில்லை. தொடுதிரைப் பலகையின் மென்பொருளும் விண்டோஸில்தான் ஓடும். அந்த இரண்டுக்காக ஒரே ஒரு புதுக் கணினி வாங்குங்கள், நானும் நன்கொடை தருகிறேன். கல்வி அமைச்சு கொடுத்த மடிக்கணினிகளிலும் கை வைக்கக் கூடாது, அவை அரசாங்கச் சொத்து. நான் பேசுவது தானமாக வந்த 22ஐப் பற்றி மட்டும்.

என் திட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். என் மகள் அடுத்த ஆண்டோடு இந்தப் பள்ளியை முடிக்கிறாள். நான் வராவிட்டால் கடவுச்சொல் யாருக்குத் தெரியும், திருத்தங்களை யார் போடுவது? தன்னார்வலரை நம்பி வாங்கிய எத்தனையோ பொருள் நம் ஸ்டோர் அறையில் தூங்குகிறது, அந்த ஆர்கன் உட்பட. அதனால் இரண்டு ஆசிரியர்களையும், இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்ட நம் முன்னாள் மாணவர் இருவரையும் என்னோடு உட்கார வையுங்கள். செய்முறையைத் தமிழில் எழுதி, கண்ணாடி உறை போட்டு, சுவரில் ஒட்டிவிடுகிறேன். ஆள் கிடைக்கவில்லை என்றால் வேலையைத் தொடங்கவே வேண்டாம், அப்போது விருந்தே வையுங்கள், சீட்டு விற்க நானும் வருகிறேன்.

செயற்குழு கூடும் வரை விலைப்பட்டியலில் கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும். அதற்கு முன் வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கணினிக்கூடச் சாவி வேண்டும். ஏழாம் எண் தயாராக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். எட்டாம் எண்ணை உங்கள் கண்முன்னே மாற்றிக் காட்டுகிறேன். தலைவர் அவர்கள் பழைய தமிழ்க் கோப்பு ஏதாவது வைத்திருந்தால் விரலியில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தை,
பிறை, பினாங்கு