சாந்தோமில் என் கையைப் பிடித்துக்கொண்ட அம்மாவுக்கு

என் அம்மாவின் சிகிச்சைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை வந்திருந்த எங்களுக்கு, 2024 நத்தார் (கிறிஸ்துமஸ்) வீட்டையும் உறவுகளையும் விட்டு வெகுதூரத்தில் வந்தது. டிசம்பர் 24 இரவு, இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறைமேல் எழுந்த சாந்தோம் பேராலயத்தில் திருப்பலி. வானவர் கீதத்தோடு மணிகள் ஒலித்ததும் எனக்கு அழுகை அடங்கவில்லை. பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத நீங்கள் ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

பூசை முடிந்ததும் "நத்தார் வாழ்த்துகள்" என்றேன். "நத்தாரா? அப்படியென்றால் என்னம்மா?" என்றீர்கள். போர்த்துக்கீசியர் எங்கள் ஊரில் விட்டுப்போன சொல் என்று என் அம்மா விளக்கினார். ஆட்டோ கிடைக்காத அந்த நேரத்தில் உங்கள் மகனின் காரில் விடுதி வாசலிலேயே எங்களை இறக்கிவிட்டீர்கள்.

மறுநாள் காலை அதே வாசலில் எவர்சில்வர் டப்பாவோடு வந்து நின்றீர்கள். அடியில் கல்கல் இனிப்பு, மேலே அச்சு முறுக்கு, நடுவில் எண்ணெய் உறிஞ்சிய செய்தித்தாள். பல நாளாகச் சாப்பாட்டை ஒதுக்கிய அம்மா இரண்டு முறுக்கு சாப்பிட்டார். எனக்கு அதுதான் நத்தார்.

பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன், மன்னியுங்கள். மூடியில் 'மே' என்று பொறித்த டப்பா பத்திரமாக இருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது பயற்றம் பணியாரம் நிரப்பிக் கொண்டுவருகிறேன். ஞாயிறு காலைப் பூசையில் அதே இடத்தில் நிற்போம், அம்மா.