சோடா காஸ் சிலிண்டருக்கு லொறிக் கூலி நிர்ணயிச்சுத் தரச் சொல்லி மூண்டாவது மனு

மதிப்புக்குரிய ஐயா,

மாசியில ஒண்டு, சித்திரையில ஒண்டு எண்டு ரெண்டு மனு குடுத்தாச்சு, பதில் இல்லை. சீல் அடிச்சுத் தந்த கொப்பி என்ர லாச்சிக்குள்ள கிடக்கு. பரந்தனால முல்லைத்தீவு ரோட்டில திரும்பினா எங்கட சோடா கொம்பனி எங்க எண்டு உங்களுக்குத் தெரியும், போன வெயிலுக்கு ஜீப்பை நிப்பாட்டி ஜிஞ்சர் பியர் குடிச்சிட்டுத்தான் போனீங்கள்.

1. சோடாவுக்கு அடிக்கிற காபனீரொட்சைட்டு காஸ் கொழும்புப் பக்கத்தால லொறியிலதான் வருது. காஸுக்கு பில் இருக்கு. லொறிக் கூலிக்கு பில் இல்லை, வாயில வந்ததுதான் விலை.

2. வெறும் சிலிண்டர் திரும்பிப் போறதுக்கும் முழுக் கூலி.

3. இதுதான் ஐயா என்ர வயிறு எரியிற விசயம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எண்டு 6 சிலிண்டர் சொல்லி வச்சனான், அந்தக் கிழமை விக்கிறதுதான் எங்களுக்கு அரை வருசச் சீவியம், போத்தில் எல்லாம் கழுவிக் கவிட்டு வச்சிட்டுப் பாத்துக்கொண்டிருக்க லொறிக்காரன் மற்ற லோட் நிரம்பேல்லை எண்டு ஓமந்தையில 3 நாள் போட்டுட்டான், மேல ஒரு படங்குகூடப் போடாமல். 31 பாகைக்கு மேல சூடு போனா உந்தக் காஸ் திரவமா நிக்காது, உள்ளுக்க அமுக்கம் ஏறும், வன்னி வெயில் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு சிலிண்டரில வால்வுப் பக்கத்துப் பாதுகாப்புத் தகடு வெடிச்சு காஸ் முழுக்க வெளியால போட்டுது. பொங்கல் முடிஞ்ச அடுத்த நாள் வந்து இறக்கினான், அந்த வெறும் இரும்புக்கும் சேத்துக் கூலி வாங்கிட்டுத்தான். மிச்சத்தைத் தராசில வச்சு, கழுத்தில குத்தியிருக்கிற வெறும் பாரத்தைக் கழிச்சுப் பாத்தா 30 கிலோ எண்டது 25ம் இல்லை. போத்தில் கழுவின பிள்ளையளுக்கு நான் என்ன சொல்லிக் காசு குடுக்கிறது?

4. தங்கச்சியின்ர மகன் லண்டனில இருக்கிறான். அங்க பாக்டரிப் புகையில இருந்து இதே காஸைக் காத்தில கலக்க விடாமல் பிடிச்சு குழாயில கொண்டுபோய்க் கடலுக்கடியில இறக்கப் போயினமாம், அந்தக் குழாய்க்காரன் எவ்வளவு வருமானம் எடுக்கலாம் எண்டு பாக்க 2023ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டத்தால ஒஃப்ஜெம் எண்ட, காஸ், கரண்ட் கொம்பனியளைக் கட்டுப்படுத்திற அமைப்பைப் பொறுப்பு வச்சிருக்கினமாம். ஒரே குழாய், வேற வழியில்லை, கேட்டதைக் குடுக்கத்தான் வேணும், அதாலதான் கட்டுப்பாடு. எனக்கும் ஒரே லொறிதானே ஐயா? அமெரிக்காவில மிசிசிப்பியில 2020 மாசியில அப்பிடி ஒரு குழாய் வெடிச்சு 45 பேரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனவை, காத்தை விடப் பாரமான காஸ், பள்ளத்தில தேங்கி ஊருக்குள்ள வாகன எஞ்சினும் நிண்டு போச்சாம். இஞ்ச லொறிக்குப் பின்னால சிலிண்டருக்கு மேல பெடியள் இருந்து வாறாங்கள். ஒருகாலம் பாக்டரி வச்சுக் குளோரின் காஸ் செய்த பரந்தனுக்கு காஸ் எண்டா என்னெண்டு தெரியாதோ?

5. கிலோவுக்கும் கிலோமீற்றருக்கும் இவ்வளவு எண்டு ஒரு விலை போடுங்கோ. வெறும் சிலிண்டருக்குக் கூலி வேண்டாம். இறக்கேக்க தராசு வைக்கச் சொல்லுங்கோ. படங்கு.

6. விலையைப் போடுங்கோ ஐயா. காஸை இனாமாக் கேக்கேல்லை, கூலியைத்தான் எழுதித் தரச் சொல்லுறன், அதுக்கு மூண்டு மனுவோ?

ஆவணிக்குள்ள திருவிழாக்கள் தொடங்குது. அதுக்கு முதல் ஒரு துண்டாவது அனுப்புங்கோ.

இப்படிக்கு,
பரந்தன் - முல்லைத்தீவு வீதிச் சோடாக்காரன்